வீட்டுப் பள்ளிக்குப் புத்தகம் எடுக்கும் பருவம்: காரைக்குடி நாட்குறிப்பு

ஏப்ரல் 22

பள்ளிகளுக்கு லீவு விட்டதும், பிள்ளையை வீட்டிலேயே படிக்க வைக்கும் கிறிஸ்தவப் பெற்றோரிடமிருந்து வரும் முதல் கேள்வி, “எந்த கிட் (வெளிநாட்டுப் பதிப்பகங்கள் விற்கும் பாடப்புத்தகத் தொகுப்பு) வாங்கலாம்?” கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி அது. பிள்ளை பத்தாம் வகுப்புப் பரீட்சையை எங்கே எழுதப் போகிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். வெளிநாட்டுப் பதிப்பகம் தரும் சான்றிதழை மட்டும் நம்பிப் பிளஸ் ஒன்னுக்கு இடம் கேட்டு அலையக் கூடாது.

வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்குத் தோதான வழி என்.ஐ.ஓ.எஸ். (தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம்). 14 வயது நிறைந்தால் செகண்டரிக்கு (பத்தாம் வகுப்புக்கு) பதியலாம். ஐந்து பாடம், அதில் குறைந்தது ஒன்று மொழிப்பாடம், தமிழையும் எடுக்கலாம். ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் என ஆண்டுக்கு இரண்டு தேர்வு. பதிவு ஐந்து ஆண்டு செல்லும், ஐந்து பாடத்தையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை.

மாநில வாரியம்தான் வேண்டுமென்றால் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வை 12½ வயது நிறைந்தால் எழுதலாம், பிறகு பத்தாம் வகுப்பு. அறிவியல் செய்முறைப் பயிற்சிக்குத் தனியாகப் பதிய வேண்டும். அந்த அறிவிப்பு தேர்வு விண்ணப்பத்துக்கு முன்பே வந்துவிடும்; கோட்டை விடுபவர்கள் இங்கேதான் விடுகிறார்கள். டாக்டர் கனவு இருக்கும் வீடுகள் இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும்: 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 சதவீத மருத்துவ ஒதுக்கீடு வீட்டில் படித்த பிள்ளைக்குக் கிடைக்காது.

ஏப்ரல் 25

சட்டம் பற்றி. 2009 கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுப் பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதுவும் சொல்லவில்லை. ஆனால் நாலு வீட்டுப் பிள்ளைகளைப் பெரிய வீட்டுப் பட்டாலையில் உட்கார வைத்து, கட்டணம் வாங்கி, தினம் நடத்தினால் அங்கீகாரம் இல்லாத பள்ளி என்ற பேச்சு வரும். அதற்கு அபராதம் ஒரு லட்சம் வரை, தொடர்ந்தால் நாளொன்றுக்குப் பத்தாயிரம். வாரம் ஒரு நாள் கூடிப் படிப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

மே 3

இப்போது கிட். எல்லாப் பாடமும் ஒரே பெட்டியில் வரும் அமெரிக்கத் தொகுப்பை அப்படியே வாங்குவதில் எங்களுக்கு உடன்பாடு இல்லை. கணக்கும் ஆங்கிலமும் மட்டும் அங்கிருந்து எடுக்கலாம். தமிழுக்கு மாநிலப் பாடநூல் போதும், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. சமூக அறிவியலுக்கும் அதுவே. வேதபாடம் தனி.

ஏ.சி.இ. என்ற அமெரிக்கக் கிறிஸ்தவப் பாடத்திட்டத்தில் பாடத்துக்கு ஆண்டுக்கு 12 சிறு புத்தகங்கள். தொடங்கும் முன் தரங்கண்டறியும் தேர்வு உண்டு. அதைத் தவிர்த்துவிட்டு வயதைப் பார்த்துப் புத்தகம் வாங்கினால் பணம் போச்சு. பிள்ளை தானே படித்து, விடைக்குறிப்பைப் பார்த்துத் திருத்தி, 80 மதிப்பெண் எடுத்தால் அடுத்ததற்குப் போகும். அம்மாவுக்கு வேலை குறைவு என்பதால் பலருக்கும் பிடிக்கும். குறை எங்கே என்றால், கோடிட்ட இடம் நிரப்புவதே அதிகம். கேள்வியில் உள்ள சொல்லைப் பத்தியில் தேடிப் பிடித்து விடையை எழுதிவிடும் பழக்கம் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். அதே பிள்ளையை என்.ஐ.ஓ.எஸ். தாளில் ஐந்து வரி விடை எழுதச் சொன்னால் பேனா நகராது. ஒவ்வொரு சிறு புத்தகமும் முடிந்ததும் மூடி வைத்துவிட்டு, படித்ததை ஒரு பக்கம் எழுத வையுங்கள்.

சாக்சன் என்ற அமெரிக்கக் கணக்குப் புத்தகம் நல்ல உழைப்பாளி. தினம் கொஞ்சம் புதுசு, மீதியெல்லாம் பழையதன் கலவை. ஆனால் நாணயம், பைன்ட், பவுண்டு, மைல் எல்லாம் அமெரிக்கக் கணக்கு. அந்தப் பாடங்களைத் தள்ளிவிட்டு மாநிலப் புத்தகத்தின் அளவைகள் பகுதியைப் போடுங்கள். இலக்கங்களை மூன்று மூன்றாகவே பிரித்துப் பழகிய பிள்ளை 12,34,567 என்ற எண்ணைப் பார்த்தால் அச்சுப்பிழை என்றே நினைக்கும். மூன்றாம் வகுப்பிலிருந்தே நம் முறை, மேல்நாட்டு முறை இரண்டும் பழக வேண்டும்.

சார்லட் மேசன் முறை (பிரிட்டிஷ் கல்வியாளர், 1842–1923) செலவில்லாதது. ஒருமுறை வாசித்துக் காட்டு, பிள்ளை தன் சொல்லில் திருப்பிச் சொல்லட்டும். ஒன்பது வயதுக்குள் ஒரு பாடம் இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ஆச்சி கதை கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு இது தமிழில் இயல்பாக வரும். ஆங்கிலத்தில் வர நாளாகும், அவசரப்படுத்தாதீர்கள்.

மே 8

சபை வேறுபாட்டை மறந்து வாங்கக் கூடாது. அபேக்கா, பாப் ஜோன்ஸ் போன்ற அமெரிக்கத் தொகுப்புகள் புராட்டஸ்டண்ட் நோக்கில் எழுதப்பட்டவை. புராட்டஸ்டண்ட் சபைகள் பிரிந்த சீர்திருத்தக் காலப் பாடம் கத்தோலிக்க வீட்டில் உறுத்தும். கத்தோலிக்கருக்கு செட்டன் என்ற தொகுப்பு இருக்கிறது. மனப்பாட வசனத்தைப் பிள்ளை கோயிலில் கேட்கும் மொழிபெயர்ப்பிலேயே கொடுங்கள்: 66 புத்தகமுள்ள பழைய மொழிபெயர்ப்பு புராட்டஸ்டண்ட் வீட்டுக்கு, 73 உள்ள திருவிவிலியம் கத்தோலிக்க வீட்டுக்கு. திருச்சபை வரலாற்றுக்கு வெளிநாட்டுப் புத்தகமே தேவையில்லை. 1706இல் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் இறங்கிய தரங்கம்பாடி தமிழ்நாட்டில்தான் இருக்கிறது. 1693இல் கத்தோலிக்கக் குரு அருளானந்தர் உயிர்நீத்த ஓரியூர் காலையில் போய் மாலையில் திரும்பும் தூரம்.

அபேக்கா, பாப் ஜோன்ஸ், அப்போலஜியா ஆகியவற்றின் அறிவியல் புத்தகங்களில் பூமியின் வயது சில ஆயிரம் ஆண்டுதான் என்ற நோக்கு இருக்கும். வீட்டு நம்பிக்கை எதுவானாலும், மாநிலப் பத்தாம் வகுப்பு அறிவியலில் பரிணாமம் ஒரு முழு அலகு. கேள்வி வரும், பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும்.

மே 14

இயற்கைப் பாடத்துக்கு மேப்பிள் இலையும் ராபின் பறவையும் போட்ட புத்தகம் எதற்கு? சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இருக்கிறது. குளிர்காலத்தில் போனால் நோட்டு நிறையும். பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர்க்காரர்களையும் பார்க்கலாம்.

ஆத்தங்குடித் தரைக்கல் (டைல்ஸ்) பட்டறையும் ஒரு பாடம். கண்ணாடிமேல் அச்சை வைத்துச் சாயம் ஊற்றுவதில் சமச்சீர் புரியும். போட்ட கல்லைத் தண்ணீரில் ஊறப்போடுவது ஏன் என்று கேட்க வையுங்கள்: சிமென்ட் காய்ந்து இறுகுவதில்லை, நீரோடு வினைபுரிந்து இறுகுகிறது.

மே 21

பி.டி.எஃப். வாங்கினால் உரிமக் குறிப்பைப் படியுங்கள். சொந்தப் பிள்ளைகளுக்கு அச்செடுக்கலாம் என்றுதான் பெரும்பாலும் இருக்கும், பக்கத்து வீட்டுக்கு அனுப்பலாம் என்று இருக்காது.

அச்சில் ஒரு சிக்கல். அமெரிக்கப் பக்கங்கள் ‘லெட்டர்’ என்ற தாள் அளவு, நம் தாள் ஏ4, அகலம் கொஞ்சம் குறைவு. ஜெராக்ஸ் கடையில் ‘ஃபிட்’ போட்டால் எல்லாம் 97 சதவீதமாகச் சுருங்கும். கதைப் புத்தகத்துக்குக் கவலையில்லை. அளக்கும் பயிற்சியில் 10 செ.மீ. கோடு 9.7 ஆக வந்து, சரியாக அளந்த பிள்ளைக்குத் தப்பு விழும். கணக்குப் பக்கங்களை மட்டும் 100 சதவீதத்தில் எடுக்கச் சொல்லுங்கள். ஓரத்தில் மூன்று மில்லிமீட்டர் வெட்டுப்பட்டால் மோசமில்லை. ஆண்டு முழுக்க ஒரேயடியாக அடிக்காமல் ஆறு வாரத்துக்கு எடுத்து ஸ்பைரல் போடுங்கள். புத்தகம் ஒத்துவராவிட்டால் நட்டம் அவ்வளவோடு போகும்.

ஜூன் 2

பள்ளியிலிருந்து நிறுத்துபவர்கள் டி.சி.யையும் எமிஸ் எண்ணையும் (கல்வித் துறைப் பதிவில் உள்ள மாணவர் எண்) கையோடு வாங்கிவிடுங்கள். எட்டாம் வகுப்பு வரை வயதுக்கேற்ற வகுப்பில் திரும்பச் சேர்க்கச் சட்டத்தில் இடமுண்டு. ஒன்பதில் சேர்க்கப் போனால் எட்டாம் வகுப்புச் சான்று கேட்பார்கள். ஏப்ரல் 22 குறிப்பில் சொன்ன தனித்தேர்வு அப்போது உதவும்.