90 நாள் நோட்டீஸ்

சென்னை ஓஎம்ஆர் பக்கம் ஐடி வேலை தேடும் தம்பி தங்கைகளுக்கு. எச்ஆர் போனில் எடுத்த எடுப்பிலேயே கேட்பது “நோட்டீஸ் பீரியட் எவ்வளவு?” ராஜினாமா கடிதம் (பேப்பர்) போட்ட பிறகும் பழைய கம்பெனியில் இருக்க வேண்டிய நாட்கள்தான் அது. 90 நாள் என்றால் “திரும்பக் கூப்பிடுறோம்” என்று வைத்துவிடுவார்கள். கூப்பிட மாட்டார்கள். சரி, பேப்பர் போட்டுவிட்டுத் தேடலாமா? வீட்டுக் கடன் இருப்பவர்கள் அந்த வீரத்தைக் காட்ட வேண்டாம்.

நௌக்ரி என்ற வேலை தேடும் தளத்தில் உங்கள் புரொஃபைலில் தினமும் காலையில் எதையாவது மாற்றிச் சேமியுங்கள், தேடலில் மேலே வரும். நான் ஒரு முற்றுப்புள்ளியை எடுத்துவிட்டு மறுநாள் திரும்பப் போடுவேன். சிரிக்காதீர்கள், போன் வந்தது.

அப்புறம் போலி எக்ஸ்பீரியன்ஸ் விற்கும் கன்சல்டன்சிகள். சம்பள ஸ்லிப் அச்சடித்துத் தருவார்கள், பிஎஃப் கணக்கை யார் அச்சடிப்பது? வேலைக்கு எடுக்கும் கம்பெனிகள் யுஏஎன் என்ற பிஎஃப் எண்ணை வாங்கி, எந்தக் கம்பெனியில் எதுவரை இருந்தோம் என்று பார்த்துவிடுகிறார்கள். சேர்ந்த பிறகும் தூக்குகிறார்கள். ‘லேப்டாப் டெபாசிட்’ என்று காசு கேட்டால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

என் டீமுக்கு ரியாக்ட் (வெப்சைட் பக்கங்கள் செய்யும் மென்பொருள்) தெரிந்த ஒரு ஆள் தேவை. 3 வருட அனுபவம், சோழிங்கநல்லூர். ரெஃபரல் (கம்பெனிக்குள் என் சிபாரிசு) வேண்டுவோர் இன்பாக்ஸ் வாருங்கள். வெறும் ‘ஹாய்’ வேண்டாம், ரெஸ்யூமையும் சேர்த்து அனுப்புங்கள்.