எண்ணூர் பக்கம் தாரா வந்துவிட்டது

அக்டோபர் 5, ஞாயிறு

கும்மிடிப்பூண்டி ரயிலில் எண்ணூரைத் தாண்டியதும் கொசஸ்தலை ஆற்றுப் பாலம் வரும். அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் தண்டையார்பேட்டையிலேயே சண்டை போட்டு ஜன்னலோரம் பிடிப்பேன். இன்று பாலத்திலிருந்து தெரிந்தவை கொக்கும் நீர்க்காகமும் மட்டும். நான் எண்ண வந்த தாராவை, அதாவது காட்டு வாத்துகளைக் காணோம்.

அத்திப்பட்டு புதுநகரில் இறங்கி, கைவிடப்பட்ட உப்பளங்களின் பக்கம் நடந்தேன். புள்ளிமூக்கு வாத்துகள் ஒன்பது இருந்தன. அவை ஆண்டு முழுவதும் இங்கேயே குடியிருப்பவை. அவற்றுக்கு அப்பால் சிறிய உருவில் ஒரு கூட்டம்: நீலச்சிறகி. வலசை வரும் வாத்துகளில் முந்திக்கொள்வது எப்போதும் இதுதான். முப்பத்தொன்று வரை உறுதியாக எண்ணினேன். மேலும் பத்துப் பன்னிரண்டு, வெயிலுக்கு எதிரே வெறும் கறுப்புப் புள்ளிகளாக மிதந்தன. அவற்றை என் எண்ணிக்கைத் தாளில் "பெயர் தெரியாதவை" என்ற பத்தியில் எழுதினேன்.

அக்டோபரில் ஏன் எண்ணுகிறாய் என்று கேட்பவர்களுக்கு: ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் நடக்கிறது. அதற்குள் பறவைகள் பிடித்த இடத்தில் அமர்ந்துவிடும். எந்தத் தண்ணீரில் முதலில் இறங்கின, எங்கே நிலைக்க முடியாமல் கிளம்பின என்பது ஜனவரித் தாளில் இருக்காது. அதற்கு முதல் வாரங்களிலேயே போய் நின்றாக வேண்டும்.

அக்டோபர் 12, ஞாயிறு

பெரியப்பாவும் வந்தார். வயது 79. பெரம்பூர் லோகோ ரயில் பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். இளவயதில் ஓர் ஆங்கிலோ இந்திய ஃபோர்மனுக்குத் தோட்டாப் பை தூக்கிப் போய், பிறகு சொந்தமாக ஒற்றைக்குழல் துப்பாக்கியும் உரிமமும் வாங்கியவர். தாராவுக்கு நான்காம் எண்ணிலிருந்து ஆறாம் எண் வரை ரவை (தோட்டாவுக்குள் இருக்கும் சிறு குண்டுகள்), உள்ளான் என்ற சிறு கரைப்பறவைக்கு எட்டாம் எண் என்று இன்னும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு துப்பாக்கியை விற்றுவிட்டார். சட்டத்துக்குப் பணிந்தாரா, பெரியம்மாவுக்குப் பணிந்தாரா என்பதில் வீட்டில் இரண்டு கட்சி.

இன்று உப்பளக் கரையில் நடந்ததை எழுதியே ஆக வேண்டும். பத்துப் பதினைந்து வாத்துகள் தெற்கிலிருந்து வந்து ஒரு வட்டமடித்தன. நான் தொலைநோக்கியை எடுத்துக் கண்ணில் பொருத்துவதற்குள் அவர் சொல்லிவிட்டார்: "முன்னால் போவது நான்கும் ஊசிவால். மற்றவை தட்டைவாயன்." வலது கண்ணில் புரை நீக்கியாகிவிட்டது, இடது கண் பாக்கி. அந்தக் கண்களோடுதான் இந்தத் தீர்ப்பு.

"வாலில் ஊசியே இல்லையே?" என்றேன்.

"இந்த மாதத்தில் எங்கே இருக்கும்? கழுத்தைப் பார்."

அவர் சொன்னது சரி. வடக்கே இனப்பெருக்கம் முடிந்ததும் ஆண் வாத்துகள் பளபளப்பான இறகுகளை உதிர்த்துவிட்டுப் பெண்ணைப் போலவே மங்கலான உடைக்கு மாறுகின்றன. சிறகின் பறக்கும் இறகுகளும் ஒருசேர விழுவதால் சில வாரங்கள் பறக்கவே முடியாது. அவை முளைத்த பிறகுதான் பயணம். ஆகவே இங்கே வந்து இறங்கும்போது புத்தகப் படத்தில் உள்ள பச்சைத் தலையும் வெள்ளைக் கழுத்தும் இருக்காது. எல்லாம் ஒரே பழுப்பு. அந்த நேரத்தில் கைகொடுப்பது சிறகின் முன்பக்க நிறம், உடல்வாகு, பறக்கும் தோரணை. துப்பாக்கிக்காரர்களுக்கு இது மனப்பாடம். அரையிருட்டில், சம்புப் புதருக்குள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, தலைக்கு மேல் போவது என்ன என்று ஒரு நொடியில் முடிவு செய்து பழகியவர்கள்.

தாளில் தட்டைவாயன் ஆறு என்றும் மற்றவை பெயர் தெரியாதவை என்றும் எழுதினேன். நான் பார்த்தது அவ்வளவுதான். பெரியப்பா எட்டிப் பார்த்துவிட்டு ரயில் வரும்வரை பேசவில்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

இரவு பத்து மணிக்கு மொட்டைமாடியில் துணி எடுக்கப் போனபோது மேலே விசில் சத்தம். சீழ்க்கைச் சிறகிகள், மாதவரம் ஏரிப் பக்கமிருந்து கிழக்கே. எண்ணிக்கை தெரியாது.

அக்டோபர் 19, ஞாயிறு

நாளை தீபாவளி. நேற்றே தெரு முழுக்க வெடி. காலையில் உப்பளத்தில் நீலச்சிறகி ஒன்றுகூட இல்லை. கிராமத்துப் பையன்கள் கரையில் சரம் கொளுத்திக்கொண்டிருந்தார்கள். பண்டிகை அவர்களுக்கும்தானே, திட்டுவதற்கு மனம் வரவில்லை. கழிமுக ஓரத்தில் கணவனும் மனைவியுமாக இருவர், பறியை (பிடித்ததைப் போடும் கூடையை) பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றில் கையால் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். தாரா எங்கே என்று கேட்டதற்கு, அந்தப் பெண் வாயிலிருந்து பறியை எடுக்காமலே வடக்கே கை காட்டினார்.

மாலையில் மின்னசோட்டாவிலிருந்து அண்ணன் பேசினார். அங்கே வாத்து வேட்டைப் பருவம் செப்டம்பர் இறுதியிலேயே திறந்துவிட்டதாம். பக்கத்து வீட்டுக்காரர் விடியலுக்கு முன்பே பொம்மை வாத்துகளைத் தண்ணீரில் மிதக்கவிட்டு மறைவில் உட்கார்ந்துவிட்டார். சூரியன் எழுவதற்கு அரை மணி நேரம் முன்பிருந்துதான் சுடலாம். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஆறு வாத்து. 1934 முதல் வேட்டைக்காரர்கள் விலை கொடுத்து அஞ்சல்தலை போன்ற ஒரு வாத்து முத்திரை வாங்கியாக வேண்டும். அந்தப் பணத்தில் சதுப்பு நிலம் வாங்கிக் காக்கிறார்கள். 1955 முதல் வசந்த காலத்தில் விமானத்தில் பறந்து வாத்துகளைக் கணக்கெடுத்து, அதை வைத்தே அந்த ஆண்டின் பருவத்தையும் வரம்பையும் முடிவு செய்கிறார்கள்.

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த பெரியப்பா, "அப்படியானால் சுடுவதற்காக எண்ணுகிறார்கள். நீ எதற்காக எண்ணுகிறாய்?" என்றார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. வந்த பதிலை இங்கே எழுதிவைக்கிறேன். இங்கே சுடுவதற்கு யாருக்கும் உரிமை இல்லாததால் எண்ணுவதற்கும் யாருக்கும் கடமை இல்லாமல் போயிற்று. ஓர் உப்பளம் மண் கொட்டி மேடாகும்போது, அங்கே வாத்து இருந்தது என்று சொல்ல ஒரு தாளாவது வேண்டாமா?

அக்டோபர் 29, புதன்

மோந்தா புயல் ஆந்திரக் கரைக்குப் போய்விட்டது. நமக்கு மழை மட்டும் மிச்சம். போன ஞாயிறும் வெளியே போகவில்லை. உப்பளங்களில் இப்போது நல்ல தண்ணீர் நிற்கும், வாத்துகள் பரவிவிடும். எண்ணுவது இனிமேல்தான் கஷ்டம்.

நவம்பர் 2, ஞாயிறு

பொன்னேரி வரை ரயில், அங்கிருந்து ஆட்டோவில் அண்ணாமலைச்சேரி. பழவேற்காடு ஏரியின் மேற்குக் கரை. தூரத்தில் பூநாரைகள், இன்று அவற்றை எண்ணவில்லை. ஊசிவால் வாத்துகள் ஆழமில்லாத நீரில் தலையைக் கீழே விட்டு வாலை மேலே தூக்கி மேய்ந்தன. இப்போது சில ஆண்களுக்குக் கழுத்தில் வெள்ளை எட்டிப் பார்க்கிறது. 140 வரை எண்ணினேன்.

திரும்பும் வழியில், வயல் வரப்பில் இரண்டு கம்புகளுக்கு நடுவே மெல்லிய நைலான் வலை. பகலில் திறந்த நீரில் ஓய்வெடுக்கும் வாத்துகள் அந்தியில் நெல் வயலுக்குக் கிளம்பும். அந்தப் பாதையைத் தெரிந்துதான் கட்டியிருக்கிறார்கள். அதில் ஒரு மடையான் (குளத்துக் கொக்கு) சிக்கியிருந்தது. உயிரோடு இருந்தது; பெரியப்பா துண்டைப் போட்டு மூடிப் பிடித்து, ஒவ்வோர் இழையாக அறுத்து விடுவித்தார். உரிய அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொன்னேன். அந்த வரப்பு யார் எல்லையில் வருகிறது என்பது முதலில் தெரிய வேண்டும் என்றார்கள். படத்தையும் இடக்குறியீட்டையும் அனுப்பியிருக்கிறேன்.

என்னைவிட அவருக்குத்தான் கோபம். துப்பாக்கி ஒன்றை வீழ்த்தினால் மற்றவை தப்பிவிடும், வலை இருட்டில் வருவதையெல்லாம் பிடிக்கும், இது வேட்டையே இல்லை என்று ஆட்டோக்காரரிடமும் வாதாடினார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் 1938 நவம்பரில் பரத்பூரில் வைஸ்ராய் லின்லித்கோவின் வேட்டையில் ஒரே நாளில் விழுந்தவை 4,273 பறவைகள். அவையும் துப்பாக்கியால்தான் விழுந்தன. இதைச் சொன்னேன். "அது துரைமார் செய்தது" என்றார். நீங்கள் ஒரு காலையில் அதிகபட்சம் எத்தனை என்று கேட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சுட்ட ரவையின் கதையும் அங்கேயே முடிவதில்லை. இரையை அரைக்கக் கல் பொறுக்கும் வாத்து, சேற்றில் கிடக்கும் ஈயத்தையும் விழுங்கி நஞ்சேறிச் சாகும். அமெரிக்காவில் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈய ரவை முழுவதும் தடையானது 1991இல். இங்கே சட்டத்தைத் திருத்தி வேட்டை உரிமங்களுக்கே முற்றுப்புள்ளி வைத்ததும் அதே 1991இல்தான்.

நவம்பர் 9, ஞாயிறு

மறுபடி உப்பளம். வெடி ஓய்ந்ததும் நீலச்சிறகிகள் திரும்பியிருக்கின்றன: 64. தட்டைவாயன் 22, ஊசிவால் 17. தெற்கு மூலையில் இரண்டு பாத்திகளில் லாரி மண் விழுந்திருக்கிறது. அக்டோபர் 5 அன்று அந்தப் புள்ளிமூக்கு வாத்துகள் இருந்த பாத்தி அதில் ஒன்று. தேதி, படம், எண்ணிக்கை மூன்றையும் சேர்த்து வைத்துக்கொண்டேன்.

பெரியப்பாவின் கணக்கு வேறு: ஊசிவால் முப்பதுக்குக் குறையாது என்கிறார். நீண்ட பேரத்துக்குப் பிறகு அவருக்கென்று தனிப் பத்தி ஒதுக்கியிருக்கிறேன். அனுப்பும் தாளில் அது போகாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டேன். சம்மதித்தார், ஆனால் பார்வையாளர் பெயர்களில் தன் பெயர் மேலே இருக்க வேண்டுமாம். இடது கண்ணுக்கு வியாழக்கிழமை தேதி கொடுத்திருக்கிறார்கள். அதனால் அடுத்த ஞாயிறு நான் மட்டும்தான் போகிறேன். அண்ணாமலைச்சேரி வரப்பில் அந்த வலை இன்னும் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.