வளைவு: டாக் நாட்குறிப்பு

ஜனவரி 8

டாக்கில் தண்ணீர் வடிந்துவிட்டது. 86 மீட்டர் அலுமினிய கேட்டமரான் கப்பல், இரண்டு ஹல்லும் (உடலும்) கட்டைமேல். மழை.

ஜனவரி 9

பெயின்ட் சுரண்டிய இடத்தில் பழைய பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தெரிகின்றன. விற்று வாங்கிய காகிதங்களில் பெயர், கொடி, தேதி எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. எந்தக் கடலில் எத்தனை மணி நேரம் ஓடியது என்பது மட்டும் இல்லை. முதல் ஐந்து வருட லாக் புத்தகங்களைக் கேட்டு எழுதியாயிற்று.

ஜனவரி 12

வாட்டர்ஜெட் நாள்: தண்ணீரைப் பின்னால் பீய்ச்சிக் கப்பலைத் தள்ளும் நான்கு ஜெட். நான்கு இம்பெல்லரிலும் (உள்ளே சுழலும் விசிறி) பிளேடு நுனிக்கும் உறைக்கும் நடுவே ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகடு விட்டு அளந்தோம்; ஒவ்வொரு பிளேடையும் மேல், கீழ், இடம், வலம் என்று நிறுத்தி நிறுத்தி. ஒரு பக்கம் மட்டும் இடைவெளி குறைந்திருந்தால் பேரிங்கைப் பார்க்க வேண்டும். சுற்றிலும் கூடியிருந்தால் தேய்மானம். இடது வெளி ஜெட்டில் சுற்றிலும் கூடியிருக்கிறது. போன சீசனில் அந்த எஞ்சின் மட்டும் அதே வேகத்துக்கு அதிக ஆர்பிஎம் காட்டியதற்குக் காரணம் கிடைத்துவிட்டது.

வலது பக்கத்தில் ஒரு துத்தநாக ஆனோடு போன வருடம் போட்டபடியே புதுசாக இருக்கிறது. அலுமினியத்துக்குப் பதில் தான் கரைவதுதான் ஆனோடின் வேலை; கரையாத ஆனோடு எதையும் காப்பாற்றவில்லை. போல்ட் தொடர்பு விட்டிருக்கும். பக்கத்து அலுமினியத்தில் குழி விழுந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும்.

ஜனவரி 13

லாக் வரவில்லை.

ஜனவரி 16

விரிசலைக் கண்டுபிடித்தாயிற்று. இரண்டு ஹல்லுக்கும் நடுவே முன்னால் இருக்கும் நடு மூக்கு இடது ஹல்லோடு சேரும் வளைவில், பிராக்கெட் (தாங்கு தகடு) நுனி வெல்டிங்கில். சிவப்புச் சாயம் பூசி 15 நிமிடம் விட்டு, துடைத்து, வெள்ளை டெவலப்பர் அடித்ததும் மயிரிழை போல ஒரு கோடு எழும்பியது. 40 மில்லிமீட்டர்.

விரிசல் விட வேண்டிய இடத்தில்தான் விட்டிருக்கிறது. எதிரே வரும் அலையில் மூக்கு கீழே போகும்போது நடு மூக்குக்கும் ஹல்லுக்கும் இடையே உள்ள வளைவு தண்ணீரால் நிரம்பி மூடிக்கொள்கிறது. அந்த நொடியில் விழும் அடி முழுக்க இங்கேதான்.

இரும்புக்கு ஒரு வரம்பு உண்டு; அதற்குக் கீழே எத்தனை கோடி அடி விழுந்தாலும் களைக்காது. அலுமினியத்துக்கு அப்படி ஒரு வரம்பு கிடையாது. சின்ன அலையும் கணக்கில் ஏறும். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 6 விநாடி அலை, நீளம் 56 மீட்டர். 35 நாட் வேகத்தில் எதிர்கொண்டால் 2 விநாடிக்கு ஒன்று. 11 மணி நேர ஓட்டத்தில் ஏறக்குறைய 19,000.

ஜனவரி 17

11 மணி நேரம் என்று ஏன் எடுத்தேன் என்றால், 045 என்ற கட்டுமான எண் கொண்ட இன்னொரு கப்பல்.

1997இல் ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட்டில் இன்கேட் நிறுவனம் கட்டியது, இதே 86 மீட்டர் வகை. 1999 ஜூனில் ஆஸ்திரேலியக் கடற்படை வாடகைக்கு எடுத்து ஜெர்விஸ் பே என்று பெயர் வைத்தது. டார்வினிலிருந்து கிழக்குத் திமோரின் டிலிக்கு 430 கடல் மைல், சுமார் 11 மணி நேரம். 107 பயணம். துருப்புகள், வண்டிகள், சரக்கு. 2001 மே மாதம் திருப்பிக் கொடுத்தார்கள். 2004இல் ஸ்பீட்ஒன் என்ற பெயரில் இங்கிலாந்தின் டோவர் முதல் பிரான்ஸின் பூலோன் வரை, ஐம்பது நிமிட ஓட்டம். 2010இல் காண்டோர் ராபீட், சேனல் தீவுகள்.

டிலிக்கு ஒரு தடவை போவதும் பூலோனுக்கு 13 தடவை போவதும் கடலில் ஒரே நேரம். ஆனால் பூலோன் ஓட்டத்தில் 13 தடவை கரை கட்ட வேண்டும்: ரிவர்ஸ் பக்கெட் (ஜெட் நீரைத் திருப்பிக் கப்பலைப் பின்னோக்கித் தள்ளும் மூடி), ஹைட்ராலிக் சிலிண்டர், வண்டி ஏறும் தளம், பின்பக்க உரசல். பயண எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஒரு கப்பலை மதிப்பிடுகிறவர்கள் ஏதாவது ஒரு பாதியைத் தவறவிடுகிறார்கள்.

ஜனவரி 20

வெல்டிங். கோட்டின் இரண்டு முனைக்கும் சற்று அப்பால் 6 மில்லிமீட்டர் துளை. நடுவே தோண்டி எடுத்து, திரும்பச் சாயம். அடியில் இன்னும் கோடு தெரிந்தது, மறுபடி தோண்டல். பிறகு அசிட்டோன், அதன் பின்னால்தான் ஸ்டெயின்லெஸ் பிரஷ். மாற்றிச் செய்தால் எண்ணெயைத் தேய்த்து உள்ளே ஏற்றியது போலாகும். இரும்பில் பட்ட பிரஷ் இந்தப் பக்கமே வரக்கூடாது.

மழை விடவில்லை. ஈரம் இருந்தால் ஹைட்ரஜன் உள்ளே போய் வெல்டிங் ரொட்டி மாதிரி பொத்தலாகும். தார்ப்பாய்க் கூடாரம் கட்டி, தகட்டை மெல்லச் சூடேற்றி உலர்த்தினார்கள், 60 டிகிரி தாண்டாமல். 5183 அலுமினியக் கம்பி, காற்றுப் படாமல் காக்க ஆர்கான் வாயு.

நல்ல வெல்டிங்தான். ஆனாலும் 5083 அலுமினியத் தகடு சூடுபட்ட ஓரத்தில் பழைய பலம் திரும்பாது. அதனால் பிராக்கெட் நுனியை மழுங்கலாக, நீண்ட வளைவாக மாற்றச் சொல்லி வரைபடம் சர்வேயருக்கு (கப்பலைச் சோதித்து ஒப்புதல் தருபவர்) போயிருக்கிறது. அதே வடிவத்தை அப்படியே ஒட்டினால் அதே இடத்தில்தான் திரும்ப வரும்.

ஜனவரி 21

டி-ஃபாயில் (கப்பல் அலையில் ஆடுவதை அடக்கும் நீரடி இறக்கை) பழுதாகி, அப்படியே ஓடிய நாட்கள் எத்தனை? அதுவும் லாக்கில்தான் இருக்கும்.

ஜனவரி 23

அடிப்பாகத்துக்குத் தாமிரம் கலந்த பெயின்ட் டப்பாக்கள் வந்து இறங்கியிருக்கின்றன. கடல்நீரில் அலுமினியத்தை அரித்துவிடும் தாமிரம்! திருப்பி அனுப்பியாயிற்று. சிலிகோன் வகை வர ஆறு நாள்.

ஜனவரி 26

சர்வேயர் ஒப்புக்கொண்டார். லாக் வந்துவிட்டது, மூன்று பெட்டி. முதல் இரண்டு குளிர்காலமும் நீண்ட ஓட்டம். ஒரு தடவைக்கு ஏழு, எட்டு மணி நேரம். டி-ஃபாயில் பழுது என்ற குறிப்பு ஒரு இடத்தில் பதினோரு நாள் தொடர்கிறது. அலை உயரம் எழுதும் பத்தியில் 3, 3.2, 3.

ஜனவரி 27

வலது வளைவில் லைனிங் கழற்றுகிறார்கள். சாயம் மதியத்துக்குள்.