ஜி.எஸ்.டி. சாலையில் ஓர் ஓ.டி.பி.

குரோம்பேட்டையில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். ஜி.எஸ்.டி. வரிக்கு மாதம் 11ஆம் தேதி ஒரு ரிட்டர்ன், 20ஆம் தேதி 3பி என்று இன்னொரு ரிட்டர்ன். மிச்ச நேரத்தில் சைக்கிள். ஓட்டுவதும் ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் ட்ரங்க்) சாலையில்தான், வரிக்கு வெகுகாலம் முன்பே வெள்ளைக்காரன் வைத்த பெயர் அது. இந்த நகைச்சுவைக்கு என் மனைவி முதல் தடவைகூடச் சிரிக்கவில்லை.

எனக்கு ஓர் ஆசை. 200, 300, 400, 600 கிலோமீட்டர் சைக்கிள் பயணங்கள் நான்கையும் ஒரே பருவத்துக்குள் முடித்தால் ‘சூப்பர் ராண்டனர்’ என்ற பட்டம் கிடைக்கும். 300க்கு 20 மணி நேரம், 600க்கு 40 மணி நேரம் கெடு. முதலில் வந்தவருக்கும் கடைசியில் வந்தவருக்கும் ஒரே மரியாதைதான். எனக்கு அது பிடித்திருந்தது.

300 வந்து விழுந்தது ஜூலை 20, சனிக்கிழமை. ஒரு ஜவுளிக்கடையைத் தவிர மற்ற எல்லாருக்கும் முதல் நாள் இரவே 3பி போட்டுவிட்டேன். அந்தக் கடைக்காரர் பில் கட்டைக் கொண்டுவந்ததே 20ஆம் தேதி மாலைதான். ரிட்டர்ன் போட அவருக்கு வர வேண்டிய ஓ.டி.பி. என் போனுக்கு வரும்படி பதிவு செய்து வைத்திருந்தேன் (செய்யக்கூடாத வேலை, எங்கள் தொழிலில் பாதிப் பேர் செய்வது). இரவு எட்டு மணி, மதுராந்தகத்தில் ஒரு டீக்கடை பெஞ்சு. அலுவலகப் பெண்ணிடம் ஆறு இலக்கங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். இரண்டு முறை காலாவதியாகிவிட்டது. மூன்றாம் முறை சொல்லும்போது டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் குனிந்து கேட்டார்: “லாட்டரியா தம்பி?”

தாமதமானால் நாளொன்றுக்கு 50 ரூபாய் அபராதம். அந்த 50 ரூபாயை மிச்சப்படுத்த நாற்பது நிமிடம் கொடுத்தேன். முழங்கால் இறுகிவிட்டது. 19 மணி 35 நிமிடத்தில் முடித்தேன்.

வேலைக்கும் சைக்கிளுக்கும் நேரத்தைச் சரியாகப் பிரித்துவிட்டதாகத்தான் நினைத்திருந்தேன். காலை நான்கரைக்குக் கிளம்பி ஏழரைக்குள் வீடு திரும்புவேன். வீட்டார் நேரத்தில் கை வைப்பதில்லை என்று பெருமை வேறு. கை வைத்தது என் தூக்கத்தில். ஆனால் அதற்கு வட்டி கட்டியது வீடு. இரவு மகளுக்கு வாய்ப்பாடு கேட்கும்போது ஏழாம் வாய்ப்பாட்டிலேயே என் தலை சாய்ந்துவிடும். அவள் புத்தகத்தை மூடி, விளக்கை அணைத்துவிட்டுப் போவாள்.

ஜூலை 21, ஞாயிறு. மகளுக்குச் சைக்கிள் கற்றுத் தருவதாகச் சொல்லியிருந்தேன். எழுந்தபோது மணி மூன்றரை. அவள் முட்டியில் மஞ்சள் பற்று. சீட்டைப் பிடித்துக்கொண்டு தெருவெல்லாம் ஓடியவள் என் மனைவி. அவளுக்குச் சைக்கிள் ஓட்டவே தெரியாது.

“எழுப்பியிருக்கலாமே?”

“எழுப்பினோம். ‘மூன்று, மூன்று, எட்டு’ என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள்.”

ஆகஸ்டில் 400ஐ முடித்தேன். 600 செப்டம்பர் கடைசி வாரம். 30ஆம் தேதி வரித் தணிக்கை அறிக்கைக்குக் கடைசி நாள். கட்டிய பணம் போகட்டும் என்று விட்டுவிட்டேன். அக்டோபரோடு பருவம் முடிந்துவிடும். நவம்பரில் மறுபடி 200இலிருந்து தொடங்க வேண்டும். வருத்தம் இல்லை என்றால் பொய். அந்தச் சனிக்கிழமை முழுக்க, இந்நேரம் எந்த ஊரில் இருந்திருப்பேன் என்று கணக்குப் போட்டுக்கொண்டே பேரேடு சரிபார்த்தேன்.

இப்போது மகள் பால் பூத் வரை தானே ஓட்டுகிறாள். நான் பின்னால் ஓடுகிறேன். பிரேக் பழகவில்லை, செருப்பைத் தரையில் தேய்த்துத்தான் நிற்கிறாள். ஒரு மாதத்தில் இது இரண்டாவது ஜோடி.