டிரெய்னிங்னா பிபிடி காட்டுவாங்கன்னு நெனச்சேன்

குடும்ப வன்முறையில பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் துணையா நிக்கிறதுக்கு ரெண்டு நாள் டிரெய்னிங் போயிட்டு வந்தேன். மொத நாள் ரோல் ப்ளேலயே மாட்டிக்கிட்டேன், எதிர்ல உக்காந்த அக்கா அடிபட்டவங்களா நடிக்கிறாங்க, நான் வாயத் தொறந்ததும் கேட்டது "ஏன் அப்பவே யார்கிட்டயும் சொல்லல?"ன்னு. அவங்க அப்படியே தலையக் குனிஞ்சுட்டாங்க. நடிப்புதான், ஆனா எனக்கு சுருக்குன்னு இருந்துச்சு. இப்போ எங்கூருல இருக்குற பாதிப்பேரு இதத்தான கேக்குறாங்க?

ரெண்டாவது நாள் முழுக்க சட்டம். குடும்ப வன்முறையிலேர்ந்து பெண்களப் பாதுகாக்குற 2005 சட்டத்துல பாதுகாப்பு அலுவலர் எழுதுற குடும்ப சம்பவ அறிக்கை ஃபார்ம் இருக்குல்ல, அத வரி வரியா நிரப்ப வச்சாங்க, அடி உதை மட்டும் இல்லீங்க, செலவுக்குக் காசு குடுக்காதது, வேலைக்குப் போக விடாதது, அவ நகைய அவளுக்கே தெரியாம அடகு வச்சது, எல்லாத்துக்கும் அதுல எடம் இருக்கு. எங்க பெரியம்மா வளையல் எத்தன தடவ சேட்டுக் கடைக்குப் போச்சுன்னு நெனச்சுக்கிட்டே எழுதுனேன். வீடு புருஷன் பேர்லயோ மாமியார் பேர்லயோ இருந்தாலும், கூட வாழ்ந்த வீட்டுல இருக்குற உரிம 17வது பிரிவுல இருக்கு, இதச் சொன்னா முக்காவாசி பேரு நம்பவே மாட்டாங்க.

பெண்கள் உதவிக்கான 181 நம்பர சும்மா சொல்லிட்டு வராதீங்க, ஃபோன்ல பால்காரர் மாதிரி வேற பேர்ல சேவ் பண்ணலாமான்னு அந்தப் பொண்ணுகிட்டயே கேளுங்கன்னாங்க. புருஷன் ஃபோன நோண்டுவான்ல.

அடுத்த வாரம் மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போறாங்களாம், லீவு கேக்கணும்.