ஆறு வாரச் சமூகவியலும் அம்மாவுக்குச் சொன்ன தேங்க்ஸும்

அமெரிக்காவில் பெரும்பாலான கல்லூரிகளில் கம்ப்யூட்டர் படித்தாலும் பட்டம் வாங்க மானுடவியல், சமூகவியல் மாதிரி ஏதாவது ஒரு பாடத்தை எடுத்தே ஆகவேண்டும். கோடை வகுப்பில் சமூகவியல் அறிமுகத்தை எடுத்து அந்தக் கடனைக் கழித்துவிடலாம் என்று நினைத்தேன். கணக்கு கிடையாது, கோடிங் கிடையாது, கதை எழுதினால் மார்க் வரும். அப்படித்தான் சீனியர்களும் சொன்னார்கள்.

சிலபஸைப் பார்த்ததும் கொஞ்சம் பயம் வந்தது. வழக்கமான செமஸ்டரில் 15 வாரம் நடக்கும் பாடம், கோடையில் 6 வாரம். திங்கள் முதல் வியாழன் வரை தினமும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். இரண்டு நாள் வகுப்புக்குப் போகாவிட்டால் செமஸ்டர் கணக்கில் ஒரு வாரத்துக்கு மேல் போய்விடும். மூன்றாவது வாரமே மிட்டெர்ம், அதாவது இடைத்தேர்வு. பாடம் ஒத்துவராது என்று கட்டணம் போகாமல் விலகுவதற்கான கெடுவோ முதல் வாரத்திலேயே முடிந்துவிட்டது. இதை நான் கவனித்தது இரண்டாவது வாரம்.

முதல் க்விஸ் பிரெஞ்சு சமூகவியலாளர் துர்கைம் பற்றி. தற்கொலையைப் பற்றி அவர் 1897-ல் எழுதிய நூலின் ஒரு பகுதியைக் கொடுத்திருந்தார்கள். நான் ஊர்ப் பெரியவர் மாதிரி, மனத்திடம் வேண்டும், குடும்பம் துணை நிற்க வேண்டும் என்று ஒரு பக்கத்துக்கு அறிவுரை எழுதி வைத்தேன். பத்துக்கு மூன்று. "இது உன் கருத்து. துர்கைம் என்ன சொல்கிறார்?" என்று ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு வரி.

அன்று இரவுதான் ஒழுங்காகப் படித்தேன். தனி மனிதன் ஏன் அப்படிச் செய்தான் என்பது அவருடைய கேள்வியே இல்லை. ஒரு நாட்டின் தற்கொலை விகிதம் வருடா வருடம் ஏன் அதிகம் மாறாமல் இருக்கிறது, கத்தோலிக்கர்களைவிட புராட்டஸ்டண்டுகளிடம் ஏன் கூடுதலாக இருக்கிறது என்று கேட்கிறார். ஆளை விட்டுவிட்டு, அந்த ஆள் கூட்டத்தோடு எவ்வளவு இறுக்கமாகக் கட்டப்பட்டிருக்கிறான் என்று பார்க்கிறார். அவருடைய புள்ளிவிவரங்களைப் பின்னால் பலர் கேள்வி கேட்டிருக்கிறார்கள். அது வேறு விஷயம். கேள்வியைத் திருப்பிப்போட்ட விதம்தான் எனக்குப் பிடித்துப்போனது.

சமூகவியலின் மற்ற முன்னோடிகளான மார்க்ஸ், வெபர் எல்லாம் ஆளுக்கு இரண்டு நாளில் ஓடிப்போனார்கள். வெபர் எனக்கு இன்னும் சரியாகப் புரியவில்லை.

நான்காவது வாரம் வந்த அசைன்மெண்ட்தான் சுவாரசியம். ஹெரால்ட் கார்ஃபிங்கல் என்று ஒருவர், லாஸ் ஏஞ்சலிஸில் சமூகவியல் பேராசிரியராக இருந்தவர். யாரும் வாய்விட்டுச் சொல்லாத விதிகளை வெளியே கொண்டுவர ஒரு வழி அவற்றை மீறிப் பார்ப்பது என்று, தன் மாணவர்களை வைத்தே பரிசோதனைகள் செய்தார். விலை ஒட்டிய பொருளுக்குக் கடையில் பேரம் பேசு என்பது ஒன்று. சொந்த வீட்டில் வாடகைக்குத் தங்கியிருப்பவர் மாதிரி, தள்ளி நின்று மரியாதையோடு நடந்துகொள் என்பது இன்னொன்று. எங்களுக்கும் அதில் ஒன்று.

பேரம் என்றதும் பக்கத்தில் இருந்த அமெரிக்கப் பையனுக்கு முகம் வெளிறிவிட்டது. எனக்குச் சிரிப்பு. அம்மாவோடு சந்தைக்குக் கூடை தூக்கியவனுக்கு இது மீறலா? சரி, எனக்கு வாடகைக்காரர் வேஷம்தான் என்று முடிவு செய்தேன். வீடு திருநெல்வேலியில் இருக்கிறது, போனில்தான் முடியும்.

வழக்கமாக அம்மாவை 'நீ' என்றுதான் கூப்பிடுவேன். அன்று, "அம்மா, நல்லா இருக்கீங்களா? இப்போ பேசலாமா, வேலையா இருக்கீங்களா?" என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு, போன மாதம் அனுப்பிய பருப்புப்பொடிக்கு, "ரொம்ப தேங்க்ஸ்மா, உங்களுக்குச் சிரமம் கொடுத்துட்டேன்" என்றேன்.

"என்னல, மேலுக்கு முடியலையா?"

இல்லை என்றேன், அதே மரியாதையோடு. போன் அப்பாவிடம் போனது. "துட்டு ஏதும் வேணுமால?" என்றார் அவர். நான்கு நிமிடம்கூடத் தாங்கவில்லை, உண்மையைச் சொல்லிவிட்டேன். "படிக்கப் போன எடத்துல இதையா சொல்லிக் குடுக்காங்க?" என்று அம்மாவுக்கு நிஜமாகவே கோபம்.

கார்ஃபிங்கலின் மாணவர்களிடமும் வீட்டார் இதையேதான் கேட்டிருக்கிறார்கள்: உடம்பு சரியில்லையா, என்ன ஆச்சு உனக்கு என்று. அறுபது வருடம் முந்தைய கலிஃபோர்னியா வீடும் எங்கள் வீடும் ஒரே இடத்தில் பதறியிருக்கின்றன. ஆனால் அங்கே இல்லாத ஒன்று இங்கே உண்டு: 'நீ' போய் 'நீங்க' வந்ததிலேயே அம்மா பாதி பயந்துவிட்டாள். மரியாதை கூடினால் உறவு தள்ளிப்போகிறது என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை, ஆனாலும் தெரிந்திருக்கிறது. இதைத்தான் ஐந்து பக்கத்துக்கு எழுதினேன். அந்தப் பாடத்தில் நான் வாங்கிய ஒரே 'ஏ' அதற்குத்தான். மொத்தத்தில் பி பிளஸ்.

அடுத்த ஞாயிறு போன் செய்து, "சாப்டியாம்மா?" என்றேன். ஒரு நொடி யோசித்துவிட்டு, "இதுவும் பரீட்சைக்கால?" என்று கேட்டாள்.