கொக்கி நின்றது: பேனர் பையோடு ஏலகிரி

ஏலகிரி மலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் சைக்கிளில் இறங்கி முடிக்கும்வரை, பழைய பேனரில் நான் தைத்த வலப்பக்கப் பை கேரியரை விட்டு எழும்பவே இல்லை. இதை எழுதக் காரணம் அதுதான். பேனர் ஃப்ளெக்ஸில் சைக்கிள் பை தைப்பது புது விஷயமே இல்லை. மேல்வாயைச் சுருட்டி மூடும் ரோல்-டாப் மடிப்பு, பக்கிள், குதிகால் இடிக்காமல் முன்கீழ் மூலையைச் சாய்த்து வெட்டுவது எல்லாம் பயணம் போகிறவர்களுக்குத் தெரிந்த சங்கதி. ஆனால் பையைக் கேரியரில் எதைக் கொண்டு மாட்டுவது என்று கேட்டால் எல்லோரும் மழுப்புவார்கள், இல்லையென்றால் பத்தாயிரத்துக்கு மேல் விலையுள்ள வெளிநாட்டுப் பையைக் காட்டுவார்கள்.

துணியைப் பற்றிச் சுருக்கமாக. காதணி விழா முடிந்து கழற்றிய பேனர் ஒன்று பந்தல்காரரிடம் சும்மாவே கிடைத்தது. பாலியெஸ்டர் வலைமேல் பி.வி.சி. பூசிய சரக்கு அது. மக்காது, எரித்தால் ஹைட்ரஜன் குளோரைடு புகை. பழைய பேப்பர் கடையில் கொண்டுபோய்ப் போட்டால் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். கூரை ஒழுகினால் மேலே விரிக்கலாம், அதைவிட்டால் அதற்குப் பிழைப்பு கிடையாது. பையாகித் தேய்ந்தபிறகு அதுவும் குப்பைதான், அதையும் மறைக்கவில்லை. சில வருடம் தள்ளிப் போகிறது, அவ்வளவுதான்.

தைக்கும்போது தையலை நெருக்காதீர்கள். ஊசித் துளைகள் நெருங்கி வரிசையாக விழுந்தால் பை அந்தக் கோட்டிலேயே கிழியும். மெஷினில் துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட், ஃப்ளெக்ஸில் ஒட்டிக்கொண்டு நகராது. மேலே பட்டர் பேப்பரை வைத்துத் தைத்துவிட்டுப் பிறகு பிய்த்துப் போடலாம். மூலைகளில் நான்கைந்து மடிப்பு சேரும் இடத்தை வீட்டு மெஷின் தொடாது. தெருமுனையில் செருப்பு தைக்கும் அண்ணனிடம் கொடுத்தேன். குத்தூசியால் இழுத்து இழுத்துத் தைத்துவிட்டு, பையைத் தூக்கிப் பார்த்துச் சொன்னார்: "தம்பி, தையல் போகாது. மாட்டுற கொக்கிதான் முதல்ல போகும், பாத்துக்கங்க."

சரியாகத்தான் சொன்னார். இனி முழுக்கக் கொக்கிதான்.

பால்காரர் சைக்கிளைப் பாருங்கள். தடித்த இரும்புக் கம்பியை ஆழமாக வளைத்த கொக்கி. கேனின் எடையே அதைக் கீழே அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. நம் பையில் இருப்பது இரண்டு செட் துணியும் ஒரு தூக்குப் புளிசாதமும். எடை குறைவான பைதான் பள்ளத்தில் அதிகம் துள்ளும். எழும்பும்போது கொக்கி கம்பியைக் கவ்விப் பிடிக்க வேண்டும், நாம் கழற்ற நினைத்தால் ஒரே இழுப்பில் வரவும் வேண்டும். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று பகை.

அலுமினியப் பட்டையை வைஸில் கடித்து மடித்தால் கூர்மூலையில் விரிசல் விடுகிறது. 10 மி.மீ. கம்பியைச் சுற்றி வளைத்தால் விரிசல் இல்லை, ஆனால் அலுமினியத்துக்கு வளைந்து மீளும் குணம் போதாது. ஒருமுறை வாய் அகன்றால் அகன்றதுதான். போதாததற்குக் கேரியர் பெயின்டை அரம்போல் ராவிவிடும். சாதாரண பி.வி.சி. குழாயை வெந்நீரில் போட்டாலே இளகும், வளைக்கச் சுகம். அந்தச் சுகமே வினை. மே மாத வெயிலில் சைக்கிளை நிறுத்திவிட்டு டீ குடித்து வந்தால் கொக்கி மெல்ல வாய் திறந்திருக்கும்.

கடைசியில் கை கொடுத்தது சி.பி.வி.சி.: வெந்நீர்க் குழாய்க்குப் போடுகிற, சந்தன நிறத்தில் இருக்கும் அதே பைப். 93 டிகிரி வரை தாங்கும் என்று கணக்கிட்டுத்தான் அதைச் செய்கிறார்கள். அதனாலேயே வெந்நீர் அதை அசைக்காது. ஹாட் ஏர் கன் இல்லாததால் இரும்புச் சட்டியில் கடலை வறுக்கிற மணலைச் சூடாக்கினேன். அடுப்புத் தீயில் நேராகக் காட்டாதீர்கள், கருகிப் புகையும். புகை நெஞ்சை அடைக்கும். மணலில் செய்தாலும் ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

முக்கால் இஞ்ச் பைப்பில் 5 செ.மீ. துண்டு. நீளவாக்கில் ஹாக்சா பிளேடால் ஒரே ஒரு கோடு பிளக்க வேண்டும். சூடான மணலில் புதைத்தால் வாட்டிய வாழையிலை போல இளகி வரும். தோல் கையுறையோடு எடுத்து இரண்டு பலகைக்கு நடுவே வைத்து அழுத்தினால் சுமார் 6 செ.மீ. அகலத் தகடு கிடைக்கும். அதன் பாதியை மட்டும் மறுபடி சூடாக்கி, கேரியர் கம்பி அளவுள்ள அதே 10 மி.மீ. கம்பியில் சுற்ற வேண்டும். இங்கேதான் சூட்சுமம்: வெறும் கம்பியில் சுற்றக் கூடாது. பழைய சைக்கிள் டியூப்பைக் கம்பிமேல் ஒரு சுற்றுச் சுற்றி, அதன்மேல் வளையுங்கள். கேரியர் கம்பியிலும் அதே டியூப் ஒரு சுற்று இருக்கப் போகிறது, அளவு கச்சிதமாக அமரும், கடகடச் சத்தமும் இருக்காது. வளைவை முக்கால் வட்டத்துக்குச் சற்றுக் குறைவாக நிறுத்தி உடனே தண்ணீரில் முக்க வேண்டும். வாய் அகலம் 8 முதல் 9 மி.மீ.க்குள் நின்றால் 'டக்'கென்று உள்ளே போகும், 'டக்'கென்று வரும். 7 ஆனால் கழற்ற இரண்டு பேர் வேண்டும்.

மீதிப் பாதி நாக்குப்போல நீண்டிருக்கும். அதில் இரண்டு போல்ட் போட்டுப் பையின் முதுகுப் பலகையோடு முடுக்கிவிடலாம். பலகைக்கு விளம்பரக் கடைக்காரர் கழித்துப் போட்ட சன்பேக் ஷீட் (உள்ளே வரிவரியாகப் பொந்து ஓடும் பிளாஸ்டிக் அட்டை) போதும், ஆனால் ஒற்றை ஷீட் அதன் வரி ஓடும் திசையில் மடங்கும். இரண்டை எடுத்து, வரிகள் குறுக்கும் நெடுக்குமாக வரும்படி ஒட்டிக்கொள்ளுங்கள். போல்ட்டுக்குப் பெரிய வாஷர் கட்டாயம். அடிப்பக்கம் ஆடாமல் இருக்க, டியூப் கீற்றில் ஒரு எஸ் கொக்கி கட்டி அச்சுப் பக்கம் இழுத்து மாட்டியாயிற்று. மொத்தச் செலவு 600 ரூபாய்க்குள். அதிலும் பாதி பக்கிளுக்கும் பட்டைக்கும் போனது.

பட்டைக்கு ஒரு வழி சொல்கிறேன். சென்னைப் புதுப்பேட்டையில் பழைய கார் சீட் பெல்ட் கிடைக்கும். கடையில் விற்கும் நைலான் பட்டை அதன் பக்கத்தில்கூட நிற்காது. பேரம் பேசத் தெம்பு வேண்டும், காலையிலேயே போய்விடுங்கள்.

சோதனைக்காகவே இடப்பக்கம் பழைய அலுமினியக் கொக்கிப் பையையும் வலப்பக்கம் புதியதையும் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். சென்ட்ரலில் சைக்கிளைப் பார்சலில் பதிந்து ஏலகிரி எக்ஸ்பிரஸ். மாலையில் கிளம்புகிற வண்டி ஜோலார்பேட்டையோடு முடிந்துவிடுவதால் சைக்கிளை இறக்க அடித்துப் பிடித்து ஓட வேண்டாம். வழியில் இரண்டு நிமிடம் நிற்கும் வண்டிகளில் இந்த நிம்மதி கிடையாது. ராத்தங்கிவிட்டு விடியலில் ஏற்றம். வளைவுகளுக்குப் புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியின் வளைவில் நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனேன். குரங்குகள் கைப்பிடிப் பையின் ஜிப்பைத் திறந்து வாழைப்பழத்தை எடுத்துவிட்டன. ரோல்-டாப் பக்கிள் அவற்றுக்கு இன்னும் பிடிபடவில்லை.

மேலே புங்கனூர் ஏரிக்கரையில் புளிசாதம். பேனர் மாமாவின் பாதி முகம் பையில் கும்பிட்டபடி இருந்ததால், "எந்தக் கட்சிங்க?" என்று ஒருவர் விசாரித்தார். தாய்மாமன் கட்சி என்றேன்.

இறக்கத்தில்தான் தீர்ப்பு. வேகத்தடைகளில் இடப்பக்கப் பை ஒவ்வொரு முறையும் எழும்பி உட்கார்ந்தது, கீழே வந்து பார்த்தால் கேரியரில் வெள்ளிக்கோடு. வலப்பக்கம் சத்தமே இல்லை. ஒரு வெயில் காலம் முழுக்கத் தாங்குமா என்பதை அடுத்த ஆனியில்தான் சொல்ல முடியும்.

நியாயமாக இப்போது இடப்பக்கக் கொக்கியை மாற்ற வேண்டும். மனசு ஜவ்வாது மலைக்குப் போய்விட்டது. காவலூரில் 2.3 மீட்டர் தொலைநோக்கி இருக்கும் வைணு பாப்பு வானாய்வகம், அங்கிருந்து ஜமுனாமரத்தூர், திரும்பும்போது பையில் சாமை அரிசி. சாமை ஏறினால் எடை கூடும், துள்ளல் குறையும், அதுவும் நல்லதுக்குத்தான். மீந்த பேனரில் இரவு படுக்கத் தரைவிரிப்பு வெட்டிவிட்டேன். கொக்கிக்கான பைப் துண்டு இன்னும் மேஜைமேல் பிளக்காமல் கிடக்கிறது.

உங்கள் கேரியர் கம்பி 8 மி.மீ. என்றால் அரை இஞ்ச் பைப்பிலேயே முயன்று பார்க்கலாம், நாக்கு மட்டும் குட்டையாக வரும். யாராவது செய்தால் வாயை எத்தனை மி.மீ.யில் நிறுத்தினீர்கள் என்று எழுதுங்கள்.